தெற்குச் சுவரை வரைதல்

வெயில் ஏறமுன் சுவருக்குத் தண்ணீர் தெளிக்கிறோம்.
நனைந்தால்தான் மண் தன் நிறங்களை ஒத்துக்கொள்ளும்.
கந்தரோடை, வழுக்கையாற்றுப் பக்கம்,
வெங்காயம் கிண்டி முடித்த தோட்டத்தில்
இரண்டுக்கு இரண்டு மீற்றர் கிடங்கு.
தெற்குச் சுவர் என்னுடையது.
வரைபுத்தாளில் ஒரு சென்ரிமீற்றர்
மண்ணில் பத்து.

முதலாம் அடுக்கு உழவு மண்:
நைலோன் நூல், சட்டைப் பொத்தான், வெங்காயச் சருகு.
இரண்டாவதில் சாம்பல் பூத்த மண்,
ஒல்லாந்தர் காலத்துச் செப்புச் சல்லி ஒன்று,
பச்சை பிடித்து, முகம் தேய்ந்து.
ஏழாவதில்தான் தொடங்குகிறது
உள்ளே கறுத்து வெளியே சிவந்த பாத்திரம்,
கவிழ்த்து வைத்துச் சுட்டவர்களுடையது.
அவர்கள் பேர் தெரியாது.
கவிழ்த்து வைத்தார்கள் என்பது மட்டும் தெரியும்.

யசோதினி கிடங்கினுள் முழந்தாளில்.
ஒன்பது வருடம் முகமாலையில் கண்ணிவெடி கிளறினவள்.
"மேலாலை குத்தக்கூடாது தம்பி,
பக்கத்தாலை வரவேணும்"
என்று கம்பஸ் பெடியளுக்கு முதல்நாளே சொல்லிவிட்டாள்.
அவள் கரண்டி பட்டு ஒரு ஓடும் உடைந்ததில்லை.
ஏதும் தட்டுப்பட்டால் மூச்சை நிறுத்துகிறாள்.
பானை விளிம்பென்று தெரிந்த பிறகும்
கொஞ்சம் நிறுத்தியே வைத்திருக்கிறாள்.

சுவரின் நடுவிலேதான் சிக்கல்.
ஏழு அடுக்கையும் அறுத்துக்கொண்டு
இறங்குகிறது வேறொரு மண்:
இளகின, கலங்கின, அவசரப்பட்ட மண்.
அடியில் பனங்குற்றி உக்கிய கறுப்புக் கோடு,
மீன்ரின் மூடி,
ஒரு பிள்ளையின் இடதுகால் செருப்பு.
படிவம் கேட்கிறது: வெட்டப்பட்ட குழியா?
ஆம்.
வெட்டியதன் நோக்கம்?
பங்கர் என்று எழுதினேன்.
பேராசிரியர் அதை அடித்துவிட்டு எழுதினார்:
குழப்பப்பட்ட பகுதி, அண்மைக்காலம்.
இலக்கம் பதினான்கு.

பத்து மணிபோல் வந்தார் காணிக்காரர் அருந்தவம்,
நட்டஈட்டுக் கடிதத்துக்குக் கையெழுத்து வைக்க.
சைக்கிளைப் பூவரசில் சாத்தினார்,
கிடங்கை எட்டிப் பார்த்தார்,
பழைய உறுதியில் தன் கையெழுத்தைக் கண்டவர் போல
பதினான்கைக் கண்டுகொண்டார்.

"உது நான் வெட்டினது.
எண்பத்தேழு ஐப்பசி. ரண்டு இரவு.
அப்பவும் உந்த ஓடுகள்தான், அள்ள அள்ள வந்தது."
"என்ன செய்தீங்கள்?"
"யூரியாப் பையிலை மண்ணோடை போட்டு
வாசலிலை அடுக்கினனான்.
ஓடு கலந்த மண் பாரம், பிள்ளை.
நல்லாத் தாங்கும்."

அப்போதுதான் அறுபத்திரண்டாம் பை ஞாபகம் வந்தது.
மேற்கு வேலியோரம் பொறுக்கிய ஓடு,
வயிற்றில் ஒட்டிய இரும்புக் கட்டியோடு.
குறிப்பில் என் கையெழுத்து:
இரும்பு உருக்கியதன் எச்சம்? ஆதிக் கொல்லுலை?
பேராசிரியர் அதைவைத்து
அறிக்கையில் ஒரு பந்தியே எழுதியிருந்தார்.

யசோதினி கையில் வாங்கினாள்.
திருப்பிப் பார்க்கவுமில்லை.
"செல் பீஸ், மிஸ்."

எந்த அடுக்கில் வைப்பது இதை?
இரண்டாயிரம் வருடம் முன் யாரோ சோறு போட்ட சட்டி
ஒரு வாசலில் நின்று
வந்ததை வயிற்றில் வாங்கியிருக்கிறது.
உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?
கேட்க வாயெடுத்தேன்.
அருந்தவம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்கடையில்லை," என்றார்.
"பங்கரெண்டால் ஆரும் ஓடிவருவினம்."
பிறகு, சைக்கிளைத் திருப்பியபடி:
"எப்ப மூடுவியள்?
கார்த்திகையிலை பீற்றூட் போடவேணும்."

அந்தப் பந்தியைப் பேராசிரியர் கிழித்தார்.
நான் செருப்பை வரைந்தேன், ஒன்றுக்குப் பத்து,
ஒன்றரைச் சென்ரிமீற்றர், வார் அறுந்த இடம் உட்பட.

மூடும் நாளில் அடியில் ஒரு நாணயம் போடுவது வழக்கம்,
பின்னால் தோண்டுபவர்க்கு
இதுவரை வந்தோம் என்று சொல்ல.
இவ்வருடத்து ஐந்து ரூபாயைப் போட்டேன்.
யசோதினி இறங்கி
அதைக் கரண்டியால் ஒரு பக்கம் நகர்த்திவைத்தாள்,
தடம் விட்டு.